ஒரு சுற்றுக்கு நான்கு நாள்

பதினோரு வருடம் துவைத்த இயந்திரம்
ஒரு செவ்வாய்க்கிழமை பாதித் துவையலில்
தண்ணீரை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு
நின்றுவிட்டது.
கரங்குனிக்காரர் எட்டு வெள்ளி என்றார்.
கூடு உங்களுக்கு, உள்ளிருக்கும் உருளை எனக்கு என்றேன்.
அப்படியென்றால் ஐந்து.

ஆக, மூன்று வெள்ளிக்கு
எஃகில் ஒரு தொட்டி.
ஆணியைச் சுட்டு ஓட்டை போடும் வேலையில்லை,
ஆயிரம் ஓட்டையோடுதான் பிறந்திருக்கிறது.
மண் ஒழுகாமல் இருக்க
உள்ளே சுற்றிலும் என் பழைய சீருடைச் சட்டை.
பேட்ஜை மட்டும் கழற்றிக்கொண்டேன்.

கீழே, யாரோ வீசிய
அலுவலக நாற்காலியின் கால்.
சக்கரங்களைப் பிடுங்கிவிட்டேன்,
உருண்டுபோய் மின்தூக்கிக்குள் ஏறிவிடக் கூடாதே.
சுழல மட்டும் சுழலும்.

ஈசூன், பத்தாவது மாடி.
எங்கள் நடைவழிக்கு வெயில் வருவது
மாலை நாலேகாலுக்கு.
ஐந்தே முக்காலுக்கு எதிர் புளோக் அதை விழுங்கிவிடும்.
அந்த நேரம் நான் உட்லண்ட்ஸ் பக்கம்
வேறொரு வட்டத்தைத் திருப்பிக்கொண்டிருப்பேன்,
பின்னால் எண்பது பேரோடு.

ஐந்து வெண்டைச் செடி.
ஐந்தும் ஒரே பக்கம் கழுத்தை நீட்டும்,
பேருந்து வருகிறதா என்று
நிறுத்தத்தில் எட்டிப் பார்ப்பவர்கள் மாதிரி.
அதனால் வேலைக்குக் கிளம்பும்போது
தினம் ஒரு கால் திருப்பு.
கணக்குத் தப்பாமல் இருக்க
விளிம்பில் சிவப்பு நகச்சாயத்தில் ஒரு பொட்டு.
முன்பு நிமிடத்துக்கு எழுநூறு சுற்றிய உருளை,
இப்போது ஒரு சுற்றுக்கு நான்கு நாள்.

டெங்கி அதிகாரி வந்தார்.
குந்தி உட்கார்ந்து டார்ச் அடித்தார்.
தட்டில் மணல், மணலில் ஈரம்,
தண்ணீர் இல்லை.
எழுந்தவர் விரலால் விளிம்பைத் தொட்டு
சுழலுமா என்று பார்த்தார்.
சுழன்றது.
சிரித்துவிட்டு
அடுத்த வீட்டு மணியை அடித்தார்.

அது நடந்தது திங்கள்.
வியாழன் இரவு திரும்பும்போது
என் கதவைப் பார்த்து விட்டுப்போன பொட்டு
மின்தூக்கியைப் பார்த்து நிற்கிறது.
வெள்ளியும் அப்படித்தான்,
நான் திருப்பியதற்கு மேல் ஒரு கால்.

பிள்ளைகளா?
ராட்டினம் சுற்றியிருந்தால் மண் சிதறியிருக்கும்.
ஒரு துளி இல்லை.
பக்கத்து வீட்டு திருமதி கோ
முட்டையோடு நொறுக்கிப் போடுவார்,
ஏன் கைலான் நடவில்லை என்று வாரம் ஒருமுறை கேட்பார்,
ஆனால் அவர் கைக்கு வாதம்.
ரொஸ்னா மூங்கில் கழியில் துணி போடும்போது
செடிகளுக்கு நிழல் படாமல் தள்ளித்தான் போடுகிறாள்.
கடைசி வீட்டுக்குப் புதிதாய் வந்தவர்கள் யாரென்று
இன்னும் தெரியாது.
செருப்புகள் மட்டும் தெரியும்:
இரண்டு பெரியது, ஒன்று நடுத்தரம்.

பிறகு ஒருநாள்
ஒரு காயின் நுனி ஒடிந்து
நாரில் தொங்கிக்கொண்டிருந்தது.
ஒடித்துப் பார்த்திருக்கிறார்கள்.
முற்றல்.
விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.
ஈரச்சந்தையில் காய்காரர் முறைக்க முறைக்க
நான் செய்வது அது.
இந்த மாடியில் வேறு யார் செய்வார்கள்?

காலையில் திருப்புவதை நிறுத்திக்கொண்டேன்.
அன்றும் பொட்டு நகர்ந்தது.
என்னைவிடச் சரியான கால்.

நேற்று, விளிம்பில் நூல் கட்டி
ஒரு கத்தரிக்கோல் தொங்கவிட்டேன்.
எழுத்து எதுவும் எழுதவில்லை,
எந்த மொழியில் எழுதுவது?

இரவு பத்தரைக்கு வந்தேன்.
கத்தரிக்கோல் போட்டது போட்டபடி.
பொட்டு என் கதவை நேராகப் பார்க்கிறது.
ஐந்து காயில் ஒன்று இல்லை.
மண்மேல் அதன் நுனி மட்டும்,
பச்சையாய், நறுக்கென்று ஒடிந்து.
பிஞ்சு போலிருக்கிறது.

மீதி நான்கு.
சாம்பாருக்குப் போதாது, பொரியலுக்கும் போதாது.
நூலை அவிழ்த்து
கத்தரிக்கோலை உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.